41-க்கு அப்புறம் 44

1997-ஆம் வருடம். மேற்குத் தாம்பரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஆரம்பித்த விஷயம் இது. சென்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதை மூடி ரொம்ப வருடமாகிவிட்டது. இன்னும் நடந்துகொண்டிருந்தால் போர்டு என்ன நிறம் என்பது முதற்கொண்டு சொல்லியிருப்பேன். இத்தனை வருடம் கழித்தும் எதற்கு உனக்கு இவ்வளவு கோபம் என்று என் கணவர் கேட்கிறார். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீடு இரும்புலியூரில். வயலெல்லாம் மனைகளாகிப் போன பிறகு அப்பா செங்கல், மணல், ஜல்லி சப்ளை செய்துகொண்டிருந்தார். நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். படப்பையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படப்பை மேலும் இல்லை. ஆனால் வருகிற பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். நான் சாப்பிடாமல் கிடந்தேன், கத்தினேன், யாருடனும் பேசாமல் இருந்தேன், மறுபடி கத்தினேன். கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார்.

"பொங்கலுக்குள்ள ஒரு வேலையில சேந்து காட்டு. இல்லாங்காட்டி தையில கல்யாணம். அப்பால மூஞ்சத் தூக்கி வச்சுகினு நிக்கக் கூடாது, இன்னா?" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்போது ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அடுக்குமாடி வீடுகள் எழும்ப ஆரம்பித்திருந்தன. அஸ்திவாரம்கூடத் தோண்டாத காலி மனையில், கட்டி முடித்த வீட்டின் படத்தைப் பெரிதாக வரைந்து நிறுத்தியிருப்பார்கள். படத்தில் ஜன்னல் கண்ணாடி மின்னும், வாசலில் கார் நிற்கும், மரத்தின் நிழல் சுவரில் விழுந்திருக்கும். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பா செங்கல் இறக்குகிற கட்டடத்தை, அவர் இறக்குவதற்கு முன்னாலேயே நான் கட்டிவிடலாம் என்று தோன்றியது. தாம்பரத்தில் 'த்ரீ-டி கற்றுத் தரப்படும்' என்று போர்டு பார்த்த அன்றே போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்து ஒரு மாதம் வரை கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை. முதலில் தியரி. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். உள்ளே ஏ.சி. ஓடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் தியரி வகுப்புக்குப் போகிற வழியில் அந்தக் கண்ணாடியில் முகத்தை வைத்து எட்டிப் பார்ப்போம். சாமி பார்த்த மாதிரி இருக்கும்.

பாடப் புத்தகம் என்று ஒன்று கொடுத்தார்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்காக வெளிநாட்டில் எழுதிய ஆங்கில கைடு ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டிருந்தார்கள். அதில் முதல் பெரிய பாடம் ஒயின் கிளாஸ் செய்வது. கிளாஸின் ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் கோடாக வரைந்து, அந்தக் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் முழுக் கிளாஸும் திரையில் வந்து நிற்கும். கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே வர வேண்டும் என்று எண்களாகவே கொடுத்திருந்தார்கள். எங்களில் ஒருவர்கூட ஒயின் கிளாஸைக் கையில் பிடித்தது கிடையாது. சினிமாவில் வில்லன் கையில் பார்த்ததோடு சரி.

அந்த எண்களை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மனப்பாடம் செய்தோம். சிரிக்காதீர்கள். மாதக் கடைசியில் எழுத்துத் தேர்வு இருந்தது. 'ஒயின் கிளாஸ் உருவாக்கும் முறையைப் படிப்படியாக விவரிக்க' என்று பத்து மார்க் கேள்வி வரும். எந்த மெனு, அதற்குள் எந்தச் சொல், எந்தப் புள்ளிக்கு எந்த எண் என்று ஒரு வரி விடாமல் எழுத வேண்டும். ஒரு எண் மாறினால் அரை மார்க் போய்விடும். நான் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பேன். துணி காயப் போட வந்த அம்மா, "இன்னாடி இது, ஜோசியக்காரன் மாதிரி நம்பரா ஒப்பிச்சுகினு கீற?" என்று கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலை எப்படிப் படித்தேனோ அப்படித்தான் இதையும் படித்தேன். அப்படிப் படிப்பதுதான் படிப்பு என்று எங்கள் எல்லோருக்கும் ஊறிப் போயிருந்தது. முதல் மார்க் நான்தான்.

எங்கள் பேட்ச்சில் ஒரு பையன் இருந்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்தவன். என்னைவிடச் சின்னவன் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். அவன் அம்மா மீன் விற்று வருகிறவர். இரண்டு பஸ் மாறி வருவான். அதிகம் பேச மாட்டான். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருவான். ஒரு நாள் அவன்தான் எழுந்து நின்று கேட்டான்.

"சார், இதுல நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் நாப்பத்தி நாலுதான் கீது. நடுவுல ரெண்டு பக்கம் காணோம் சார்."

நாங்கள் எல்லோரும் புரட்டிப் பார்த்தோம். வாஸ்தவம்தான். ஒயின் கிளாஸ் பாடம் 41-ல் முடிகிறது. அடுத்தது 44-ல் செஸ் காய் பாடம். பின்னாலும் ஒவ்வொரு பாடம் முடிகிற இடத்திலும் இரண்டு பக்கம் இல்லை. பாடம் எடுத்துக்கொண்டிருந்த சார் டையைச் சரிசெய்துகொண்டு, "அது வேண்டாத பக்கம்ப்பா. சிலபஸ்ல இல்ல. இருக்கறத முதல்ல ஒழுங்கா படிங்க" என்றார். வகுப்பில் இரண்டு பேர் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். நானும் அந்த விஷயத்தை அத்தோடு மறந்துவிட்டேன்.

பிறகு பிராக்டிகல் வந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். ஒருவர் மவுஸைப் பிடிப்பார், மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து எண்களை வாசிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஒருநாள் அந்தப் பையன் முறை வந்தபோது மட்டும் வேறு ஏதோ செய்தான். கோட்டின் நடுவில் இருந்த ஒரு புள்ளியைப் பிடித்து வெளியே இழுத்தான். கீழே இருந்த தண்டைத் தூக்கிவிட்டான். சுற்றிவிட்டுப் பார்த்தால் அரிக்கேன் விளக்கின் கண்ணாடிக் கூண்டு! அப்படியே எங்கள் வீட்டில் கரண்ட் போனால் ஏற்றுகிற விளக்கில் இருப்பது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. சார் வந்து பார்த்தார். புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தார். "ரிசல்ட் மேட்ச் ஆகலையேப்பா" என்று சொல்லி, அவனுக்கு அன்றைய பிராக்டிகலில் பூஜ்யம் போட்டார். அடுத்த முறை அவனும் எண்களை வரிசையாக அடித்து, அச்சு அசலாக அதே ஒயின் கிளாஸைச் செய்தான். சார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. அன்றைக்குக் கொதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

கோர்ஸ் முடிந்தது. சர்ட்டிபிகேட்டோடு ஒயின் கிளாஸின் கலர் பிரிண்ட் ஒன்றும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். நான் அதை வீட்டில் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். அப்பா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "நடுவூட்ல எதுக்குடி சாராயக்கடை படம்?" என்று கேட்டார். படப்பைக்காரர்கள் வருவதற்குள் கழற்றிவிடச் சொன்னார். நான் கழற்றவில்லை.

மார்கழி பிறந்த சமயம், பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. பில்டர்களுக்கு அந்த மாதிரி கட்டடப் படங்கள் செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ். எங்கள் சென்டரிலிருந்து நான்கு பேர் போனோம். கோவளத்துப் பையனும் வந்திருந்தான். வெள்ளிக்கிழமை. பல்லாவரத்தில் வாரச் சந்தை கூடுகிற நாள்; அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் மணவறைதான்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதல் ஆள் போன வேகத்தில் திரும்பி வந்தான். இரண்டாவதாகக் கோவளத்துப் பையன் போனான். உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் எங்களை நிமிர்ந்து பார்க்காமல் படி இறங்கிப் போய்விட்டான். மூன்றாவதாகப் போன பெண்ணும் முகம் சிவந்து வந்தாள். கடைசியாக நான்.

உள்ளே மேஜையின் பின்னால் தாடி வைத்த ஒருவர். அவர் முன்னால் மூன்று கலர் பிரிண்டுகள் வரிசையாகக் கிடந்தன. நான் என்னுடையதையும் எடுத்து வைத்தேன். நான்கிலும் ஒரே கிளாஸ். ஒரே உயரம். கண்ணாடியில் விழும் வெளிச்சம்கூட ஒரே இடத்தில்.

"நாலு கிளாஸ் வந்தாச்சு. பாட்டிலத்தான் காணோம்" என்றார் அவர்.

பிறகு பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "உங்க கிளாஸ ஓபன் பண்ணுங்க. தண்டு வேண்டாம். சாதாரண டம்ளரா மாத்துங்க, போதும்" என்றார். கிளாஸைப் பதிந்து கொண்டுபோயிருந்த ஃபிளாப்பியைப் போட்டேன். கிளாஸ் வந்தது. எந்தப் புள்ளியை எங்கே நகர்த்த வேண்டும்? டம்ளருக்கு எண்கள் என்ன? புத்தகத்தில் டம்ளர் இல்லையே. என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. "முதல்லேர்ந்து செய்யட்டுமா சார்? ஸ்டெப் எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது மூக்கையும் தாண்டிவிட்டது.

"சிரிக்காதீங்க சார். தப்பா இருந்தா எது தப்புன்னு சொல்லுங்க. நாங்க ஒண்ணும் ஊர் சுத்திட்டு வரல. புக்ல ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் வந்திருக்கோம். அதுல டம்ளர் எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க!" என்று ஸ்பைரல் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் போட்டேன். போட்டேன் என்றால் எறிந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது, இனி என்ன மரியாதை!

அவர் கோபப்படவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். 41-க்கு வந்ததும் நிறுத்தினார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்து என் பக்கம் திருப்பி வைத்தார். அதே கைடு. ஜெராக்ஸ் இல்லை, ஒரிஜினல். 42-ஆம் பக்கமும் 43-ஆம் பக்கமும் எதிரெதிரே விரிந்து கிடந்தன.

அவற்றில் ஒரு எண்கூட இல்லை. 'இப்போது புத்தகத்தை மூடுங்கள்' என்று ஆரம்பித்திருந்தது. உங்களைச் சுற்றிப் பாருங்கள், தினமும் கையில் எடுக்கிற உருண்டையான பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதன் ஓரத்தைக் கண்ணால் பார்த்து நீங்களே வரையுங்கள். முதல் தடவை கோணலாகத்தான் வரும், திருப்பிப் பார்த்துத் திருத்துங்கள். எங்கே கோணினால் எதைத் தேட வேண்டும் என்று சின்னச் சின்னப் படங்கள். கடைசியில் தடித்த எழுத்தில், இதைச் செய்யாமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள் என்று இருந்தது. மற்ற பாடங்களின் முடிவையும் புரட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அதே மாதிரி இரண்டு பக்கம்.

எனக்குக் காது இரண்டும் எரிந்தன. ஒயின் கிளாஸ் பாடமே இந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எங்களுக்கு அதை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. உங்க வீட்ல இருக்கற ஒரு பொருளச் செஞ்சு எடுத்துட்டு வாங்க. கிளாஸ் மட்டும் வேண்டாம்" என்றார் தாடிக்காரர். நான் மற்றவர்களிடம் சொல்லக் கீழே ஓடினேன். ஒருவரும் இல்லை. சந்தைக் கூட்டத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலைந்து பார்த்தேன். பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

அங்கிருந்து நேரே தாம்பரம். ஸ்டேஷனில் இறங்கி சென்டர் வரை நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை. மாடி ஏறி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏ.சி. அறைக்குள் போய் நின்றேன். சார் அங்கே பிராக்டிகல் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"செருப்பு! செருப்பு!"

குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்திருக்கிறேன். கழற்றவில்லை. அங்கேயே நின்று கேட்டேன். "நாப்பத்தி ரெண்டாம் பக்கம் எங்க சார்? நாப்பத்தி மூணு எங்க? ஒவ்வொரு பாடத்துலயும் அதை ஏன் சார் எடுத்தீங்க?"

அவர் திகைத்துப் போனார். பிறகு, சொல்லித் தருகிற குரலிலேயே சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. மனுஷன் மழுப்பவில்லை, பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது.

"அதுக்கு ஆன்ஸர் கிடையாதும்மா. ஒருத்தன் சொம்பு செய்வான், ஒருத்தி விளக்கு செய்வா. நான் எதை வச்சு கரெக்ட் பண்றது? எப்படி மார்க் போடறது? ஆன்ஸர் இல்லாத கேள்விய டெஸ்ட்ல கேக்க முடியுமா, சொல்லு?"

"அந்தக் கோவளத்துப் பையன் கேட்டானே சார். பதிலும் செஞ்சு காட்டினானே. முட்டை போட்டீங்களே சார்!"

என் குரல் பாத்திரக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். வெளி அறையில் புதிதாகச் சேர வந்த பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சாருக்கு வியர்த்தது. "சத்தம் போடாதம்மா, உனக்கு இப்ப என்ன வேணும்?" என்றார். கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். கோர்ஸ் முடிந்தவர்களுக்குக் கொடுப்பதில்லையாம். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு வா என்றார்.

வீட்டுக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். தினமும் கையில் எடுக்கிற உருண்டைப் பொருள் எங்கள் வீட்டில் வேறு என்ன இருக்கப் போகிறது? பச்சை பிளாஸ்டிக் குடம். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்க லாரித் தண்ணீர்தான். இடுப்பில் அந்தக் குடத்தைச் சுமந்து சுமந்து எனக்குக் காய்த்தே போயிருந்தது. அதன் உருவம் எனக்குத் தெரியாதா என்ன என்று அடுத்த நாள் மதியம் நினைவிலிருந்தே வரைந்தேன். சுற்றிவிட்டால் திரையில் பூசணிக்காய்க்குக் கழுத்து முளைத்த மாதிரி ஒன்று வந்து நின்றது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் தூக்கியிருக்கிறேன், ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பி, குடத்தைத் திண்டின் மேல் வைத்து எதிரில் உட்கார்ந்துகொண்டேன். கழுத்து எங்கே ஒடுங்குகிறது, விளிம்பு எவ்வளவு வெளியே வருகிறது, வயிறு எங்கே ரொம்பப் பெரிது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "கொடத்தையே மொறச்சுகினு குந்திகினு கீறியே, லாரி வந்து நிக்குதுடி, தூக்கினு ஓடு!" என்று கத்தினாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. கோடு கோணலாகும், திருப்பிப் பார்ப்பேன், கண்டுபிடித்துத் திருத்துவேன். புள்ளியை எங்கே இழுத்தால் எங்கே உப்பும் என்பது ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. குடம் சரியாக வந்த பிறகும் ஏதோ ஒட்டவில்லை. எங்கள் குடம் இவ்வளவு அழகாக இருக்காதே! லாரிக் குழாய்க்கு அடித்துப் பிடித்து நீட்டியதில் அதன் வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அந்த நசுங்கலையும் செய்தேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷம், முதல் மார்க் வாங்கியபோதுகூட வரவில்லை. கூடவே வயிறும் எரிந்தது. இந்தச் சந்தோஷத்தைத்தானே அந்தப் பையன் விளக்குக் கூண்டு செய்த அன்றைக்கே கண்டுபிடித்தான்!

வெள்ளிக்கிழமை தாடிக்காரர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "வாய் ஏன் கோணியிருக்கு?" என்று கேட்டார்.

"லாரித் தண்ணி சார்" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். வீட்டில் ஒயின் கிளாஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குடத்தின் படத்தை ஒட்டினேன். அப்பா வந்தார், பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார். "அட, நம்மூட்டு கொடமாச்சே இது!" என்றார். அந்த நசுங்கலை விரலால் தடவி வேறு பார்த்தார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று படப்பைக்கு அவரே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சந்தோஷமான அனுபவம். முடியவில்லை.

கோவளத்துப் பையனிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அலைந்தேன். சென்டரில் முகவரி கேட்டால் தர மாட்டேன் என்றார்கள். பொங்கல் கழிந்து ஒரு நாள் சாயங்காலம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவனே நின்றுகொண்டிருந்தான். லுங்கி, ஐஸ் தண்ணீரில் நனைந்த சட்டை. மீன் கம்பெனி ஒன்றில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போகிறானாம். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரிஜினல் புத்தகத்தைப் பற்றி, அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி. எங்கள் ஆபீஸில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள், நாளைக்கே வா என்றேன்.

அவன் சிரித்தான்.

"வுடுக்கா. நமக்கு அது வராதுக்கா. அந்த சார் மூஞ்சிக்கு நேராவே சிரிச்சிட்டாரு."

"டேய், உனக்குத்தான்டா வந்துச்சு! எங்க யாருக்கும் வரலை. நடுவுல ரெண்டு பக்கம் இல்லாததால..."

"நான்தான் அன்னிக்கே கேட்டனேக்கா. வேணாம்னு சொல்லிட்டாரே" என்றான். அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

எனக்கு அங்கேயே யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரை அடிப்பது? அடுத்த நாள் ஆபீஸில் தாடிக்காரரிடம் போய் நின்றேன். "எனக்குக் காட்டின புக்கை அந்தப் பையனுக்கு ஏன் சார் காட்டலை? அவன் முன்னாடி ஏன் சிரிச்சீங்க?" என்றேன். அவர், "நீ சண்டை போட்டுக் கேட்டே, காட்டினேன். அவன் எதுவுமே கேக்கலையேம்மா" என்றார்.

"அவன் கேட்டான் சார். கேக்க வேண்டிய இடத்துல, எங்க எல்லாருக்கும் முன்னாடியே கேட்டான்" என்றேன். பிறகு அவரும் நானும் கோவளம் வரை போய்த் தேடினோம். அவன் வேலைக்காகக் கேரளா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு நான் அவனைப் பார்க்கவே இல்லை.

சத்தம் போடத் தெரிந்ததால் எனக்கு வேலை கிடைத்தது. மரியாதையாக எழுந்து நின்று கேட்டவனுக்கு, தனக்கு அது வராது என்ற எண்ணம்தான் கிடைத்தது. என் மகள் பள்ளியிலிருந்து வந்து, "இது சிலபஸ்ல இல்லையாம்மா" என்று சொல்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிடும். இன்றைக்கும் எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதல் வேலையாகப் பக்க எண்களைக் கடைசி வரை புரட்டிப் பார்த்துவிடுகிறேன்; எல்லாம் வரிசையாக இருந்தாலும், அவன் எழுந்து நின்ற அன்றைக்கு அவன் பக்கத்தில் நானும் எழுந்து நின்றிருக்கக் கூடாதா என்ற கோபம் மட்டும் எனக்குத் தீருவதில்லை.